ஆறு பேருக்கு மூன்று வேளை

ஆடி 1, வியாழன்

இது தாத்தாவுக்கு வந்த டைரி. பலசரக்குக் கடையில் வருடா வருடம் அவருக்கு இரண்டு டைரி கொடுப்பார்கள். ஒன்றில் கல்யாணத் தேதிகளைக் குறிப்பார். மற்றது சும்மா கிடக்கும். இந்த வருடம் அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதில் தமிழ்த் தேதிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது, அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு ஆண்கள். நால்வரும் கல்யாணச் சமையல்காரர்கள். எங்கள் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்பார்கள். குத்தாலம் பிள்ளை என்று தாத்தாவின் பெயரைச் சொன்னால் அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி வரை தெரியும். அப்பா சாம்பாருக்கும் சொதிக்கும் பேர் வாங்கியவர். சங்கரன் சித்தப்பாவுக்குக் காய் நறுக்கும் வேலை. திருமலை அண்ணன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு அவர்களோடு போகிறான். ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால் நான்கு பேரில் ஒருவர்கூடக் குடித்த டம்ளரை எடுத்து வைக்க மாட்டார்கள். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவார்கள். கல்யாணப் பந்தியில் இலை எடுக்க ஆள் இருக்கும் அல்லவா, அதே பழக்கம்.

"வீட்டு அடுப்பு பொம்பளையளுக்கு உள்ளது" என்பார் தாத்தா.

நாளை அம்மாவுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். தை, மாசி, வைகாசி என்று ஒவ்வொரு முகூர்த்த மாதமாகத் தள்ளிப்போட்டு ஆடிக்கு வைத்திருக்கிறார்கள். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. "நாங்க எல்லாரும் வீட்ல இருப்போம், அதான் வசதி" என்றார் அப்பா. யாருக்கு வசதி என்று நான் கேட்கவில்லை. சித்தப்பாவுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது. புதுப்பெண் என்பதால் சித்தியை ஆடிக்கு அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை எங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு முதல் வேதியியல் ஆய்வகம். பத்தாம் வகுப்பு முழுவதும் அந்தப் பூட்டிய அறையின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆடி 4, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உங்க தாத்தா சாப்பிட்டாவளா?"

சாயங்காலம் தாத்தா சொல்லிவிட்டார். "வடிவு கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். வீட்டுக்கு ஆள் வேணும்லா."

"நாளைக்கு லேப் இருக்கு தாத்தா."

"லேப் அங்கனதான இருக்கும்? எங்கயும் ஓடிறாது."

சித்தப்பா சிரித்தார். அப்பா பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

ஆடி 5, திங்கள்

எங்கள் வேதியியல் செல்வராணி டீச்சருக்கு அப்பா போன் செய்து எனக்குக் காய்ச்சல் என்று சொன்னார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஆடி 7, புதன்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, அடுப்படியில் வெகுநேரம் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா, அப்பாவைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம்.

இன்று நான் வைத்த சாம்பாரை நான்கு நிபுணர்கள் சாப்பிட்டார்கள்.

தாத்தா: "பெருங்காயத்தை எப்பப் போட்ட? எறக்கும்போதா? அதான் பச்சையா நிக்கி."

சித்தப்பா: "முருங்கக்காய இம்புட்டு நீளத்துலயா நறுக்குவா? பல்லு குத்தவா?"

அண்ணன்: "இதுக்குப் பேரு சாம்பாரா? நான் பருப்புத் தண்ணின்னுலா நெனச்சேன்."

அப்பா முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள் எழுந்து வந்து போட்டிருக்கலாம். இதை மனதுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன். தாத்தா தட்டில் கை கழுவிக்கொண்டே, "வாயி நீண்டுட்டு" என்றார். அந்தத் தட்டையும் நான்தான் எடுத்தேன்.

(பால் பொங்கி வழிந்ததும் பொரியல் அடிப்பிடித்ததும் உண்மை. பனிமலை ஏறுகிறவர்களைப் பற்றிய நூலகப் புத்தகத்தை அடுப்பு மேடையில் திறந்து வைத்திருந்தேன். அதற்காக வருந்தவில்லை.)

ஆடி 9, வெள்ளி

கோயிலுக்குப் போன தாத்தா இன்னும் திரும்பவில்லை. துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தால் அம்மாவின் தலைமாட்டில் ஒரு டம்ளர் கஞ்சி. சீரகம் நெய்யில் தாளித்து, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, சுக்கு மணத்தோடு.

"யாரும்மா குடுத்தா?"

"எதுத்த வீட்ல" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு ஜெயா அக்காவுக்கு இவ்வளவு கைப்பக்குவம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனது. நாளைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கஞ்சியைக் குடித்துவிட்டு அம்மா சொன்னாள்: "எங்கம்மைக்குப் பேறுகாலம்னு என்னையும் பத்து நாளைக்குத்தான் நிக்கச் சொன்னாவ. எட்டாம் வகுப்பு. பத்து நாள் கழிச்சு யாரும் போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல."

"நீ கேட்கலயாம்மா?"

"யூனிபாரத்த வெட்டி தம்பிக்குத் தூளித்துணி தச்சாச்சு. என்னத்தக் கேக்க?"

ஆடி 10, சனி

ஜெயா அக்காவுக்கு நன்றி சொன்னேன். அவள் விழித்தாள். "கஞ்சியா? நா ஊர்லயே இல்லயே பிள்ள. நேத்து ராத்திரிதான் வந்தேன்."

அப்படியானால் யார்? அம்மாவிடம் கேட்டால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

தாத்தாவிடம் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். "ஆடி முடியட்டும்" என்றார். ஆடி முடிந்தால் இவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் ஆவணி முடியட்டும் என்பார்கள்.

யூனிபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். யாரும் அதை வெட்ட முடியாது.

ஆடி 12, திங்கள்

போனேன்.

விடிவதற்குள் எழுந்து இட்லி அவித்து, சோறு வடித்து, ரசம் வைத்துவிட்டுப் போனேன். "எடுத்துப் போட்டுச் சாப்பிடணும், அவ்வளவுதான்" என்று அண்ணனிடம் சொன்னேன். "யாரு, நானா?" என்றான். பதில் சொல்ல நிற்கவில்லை.

ஆய்வகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். பியூரெட்டில் கண்ணை எந்த மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் காட்டினார். ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாகிறது. முந்தின சொட்டு வரைக்கும் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கிறது. நான் ஒரு சொட்டு அதிகமாக விட்டுவிட்டேன். டீச்சர் பரவாயில்லை என்றார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். "எனக்குக் காய்ச்சல் வரலை டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா, சித்தப்பா, அண்ணன் மூவரும் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். யார் போட்ட காபி என்று ஒரு கணம் புரியவில்லை.

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த வாளி. சேலையில் வயிற்றுப்பக்கம் காசளவுக்கு ரத்தம்.

"ஒண்ணுமில்லட்டி. சத்தம் போடாத. மதியச் சோறு பத்தலன்னாவ..."

அப்பா அதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே ஆட்டோ கூட்டிவரப் போயிருந்தார். தையல் ஓரத்தில் லேசாக விட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மறுபடியும் ஒன்று போட்டு அனுப்பினார்.

"பாத்தியா? நீ இல்லாததால வந்தது" என்றார் தாத்தா.

வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். இல்லாமல் போனது நான் ஒருத்திதான். ஆனாலும் அம்மா பாதியில் விட்ட பால் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

ஆடி 13, செவ்வாய்

போகவில்லை.

ஆடி 16, வெள்ளி

கஞ்சி கொடுத்தவரைக் கண்டுபிடித்தேன்.

தாத்தா கோயிலுக்குப் போனார். நான் மாடிக்குப் போவதுபோல இரண்டு படி ஏறி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அடுப்படியில் அப்பா. தோளில் துண்டு இல்லை. வாசல் பக்கம் ஒரு கண்ணும் கஞ்சிப் பாத்திரத்தில் ஒரு கண்ணுமாக, ஏதோ திருட வந்தவரைப்போல நின்று சீரகத்தைத் தாளித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தாத்தாட்ட சொல்லாத."

"ஏன்ப்பா?"

"நாப்பது வருஷமா அவிய இந்த அடுப்புப் பக்கம் வந்ததில்ல. நா வந்தேன்னு தெரிஞ்சா, பொண்டாட்டிக்குக் கஞ்சி காச்சுதான்னு நாலு பேருக்கு முன்னால பேசுவாவ."

"பேசட்டுமே."

"ஒனக்குத் தெரியாது." கஞ்சியை டம்ளரில் ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "அம்மைக்கு நா செய்யத்தான செய்யுதேன்?"

கதைகளில் வருவதுபோல எனக்கு அப்போது கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. "ஒளிஞ்சு செய்தா அம்மைக்குக் கஞ்சி கெடைக்கும்ப்பா. எனக்குப் பள்ளிக்கூடம் கெடைக்காது" என்றேன்.

அப்பா டம்ளரைச் சின்னத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு போனார். கஞ்சி காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆடி 17, சனி

நாளை ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று கடையத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஆவணிக்குப் பேச வருகிறார்கள். பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கி வைக்கச் சொன்னார் தாத்தா. அவர்கள் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து இவர் முன்னால் வைப்பார்கள். இவர், "டைரியப் பாத்துச் சொல்லுதேன்" என்பார். அந்தத் தேதி காலி என்று இவருக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் டைரியை எடுத்து, விரலை நனைத்து, ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் புரட்டுவார். அதற்கப்புறம்தான் தாம்பாளத்தைக் கையில் வாங்குவார். வாங்கிவிட்டால் வேலை இவருடையது.

துலக்கிக்கொண்டிருந்தபோது வழக்கமான கதையைச் சொன்னார். காலில் கொதி எண்ணெய் கொட்டிய மறுநாள் பாபநாசத்தில் கல்யாணம். கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து முந்நூறு பேருக்கு அவியல் இறக்கினார். "முன்னால வச்ச வெத்தலையத் திருப்பி அனுப்பினவன் இந்த வம்சத்துல கெடையாது, கேட்டியா?"

கேட்டேன். நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

கடைக்குப் போய் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்திருக்கிறேன்.

ஆடி 18, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா டைரி புரட்டினார், தாம்பாளத்தை வாங்கினார். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் உள்ளே போய் யூனிபார்மைப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன். பிறகு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம் வைத்து எடுத்துவந்து தாத்தாவின் முன்னால் தரையில் வைத்தேன்.

"இன்னொரு வேலை இருக்கு தாத்தா. ஆறு பேருக்கு. மூணு வேளை. ஆடி முடியுத வரைக்கும்."

அண்ணன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "எவ வீட்டுக் கல்யாணம்ட்டி?" என்றான்.

"கல்யாணம் இல்ல. ஆபரேஷன் ஆன வீடு. சமைக்க ஆளில்ல. அங்கனயே நாலு தவசுப்பிள்ளைமாரு இருக்காவ. யாரும் வெத்தல வைக்காததாலதான் சும்மா இருக்காவ போலன்னு நெனச்சேன்."

சித்தப்பாவுக்குக் காபி புரையேறியது.

"கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? உள்ள போ" என்றார் தாத்தா. சத்தம் போடவில்லை. வந்தவர்கள் இருந்தார்களே.

"போறேன். நீங்க வாங்கினதும் போறேன். முன்னால வச்ச வெத்தலையத் திருப்பினது கெடையாதுன்னு நேத்துதான் சொன்னிய."

தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடமா பிள்ள?"

"இல்ல அத்தை. நாளைக்கு. இந்தத் தட்ட வாங்கினாத்தான் நாளைக்கு."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, எங்க வேலைக்கு இன்னும் நாள் கெடக்கு. இத மொதல்ல முடிச்சிட்டு வாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். தாத்தா சிரிக்கவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டு தரையில் கிடந்தது. அவர் வாங்க மாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் எல்லாம் போச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து அப்பா வந்தார். தாத்தாவுக்கும் எனக்கும் நடுவில் குனிந்து, இரண்டு கையாலும் தட்டை எடுத்தார். எடுத்த வேகத்தில் ஒரு பாக்கு உருண்டு தாத்தாவின் காலடிக்குப் போனது.

"ஒத்துக்கிட்டேன்" என்றார்.

"நெல்லையப்பா!" என்று அப்பாவைப் பெயர் சொல்லி அதட்டினார் தாத்தா.

"வெத்தல வச்சாச்சுலாப்பா." அவரைப் பார்க்காமலே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: "பாத்திரம் கழுவ ஆளு யாரு பக்கம்?"

"உங்க பக்கம்."

அப்பா நிலைப்படியைப் பார்த்தார். "திருமல."

"நானா?" என்றான் அண்ணன்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஏட்டி வடிவு, சிரிக்க வைக்காத. தையல் பிரிஞ்சிரும்."

ஆடி 19, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சாம்பார் வாசம். எங்கள் வாசலில் தூக்குவாளியோடு ஆறேழு பேர். கல்யாண வீடுபோல இருந்தது.

அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா சின்னப் பாத்திரத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார். காய் வெந்ததும் உப்பைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டார். பழகிய கை அது, ஒரு பெரிய பிடி. உடனே தெரிந்துவிட்டது. உப்பைச் சரிக்கட்ட இன்னும் பருப்பு. பருப்புக்குப் புளி. புளிக்குக் காய். சித்தப்பா நறுக்கிக்கொண்டே இருக்க, பாத்திரம் போதாமல், பரணிலிருந்து கல்யாண உருளியை இறக்கியிருக்கிறார்கள். "உப்பு சரியானப்போ எண்பது பேருக்கு சாம்பார் ஆயிட்டு" என்றாள் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

தெரு முழுக்க எங்கள் சாம்பார். அண்ணன் புழக்கடையில் உருளிக்குள் பாதி உடம்போடு இறங்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு ரசம்தான் சொல்லிட்டேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

தாத்தா மதியம் ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறார். தூக்குவாளியோடு போன ஒருவர், "அண்ணாச்சி கைப்பக்குவமா?" என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி 21, புதன்

தாத்தா அடுப்படிக்குள் வந்துவிட்டார்.

நேற்று ரசத்திலும் உப்பு கூடியிருக்கிறது. இன்று காலை வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தவர், உள்ளே கொதிக்கிற வாசத்தை இரண்டு தரம் மூக்கால் இழுத்தாராம். எழுந்து வந்து அப்பாவைத் தோளால் தள்ளினாராம். "ஆறு பேருக்கு உப்புப் போடத் தெரியாதவன் ஊருக்குப் போட்டு என்னத்துக்கு? தள்ளுல. ஊரு சிரிக்கி."

எனக்காக வரவில்லை. அம்மாவுக்காகவும் வரவில்லை. தொழில் மானம் போகிறதே என்றுதான் வந்தார். எதற்காக வந்தால் என்ன? முதல் மணி அடிக்கும்போது நான் பெஞ்சில் இருந்தேன்.

ஆடி 26, திங்கள்

சரியான சொட்டில் நிறுத்தினேன். இளஞ்சிவப்பு.

ஆடி 31, சனி

பேசிய கெடு இன்றோடு முடிகிறது. மதியம் சாப்பிடும்போது அண்ணன், "நாளையிலருந்து எனக்கு விடுதலை" என்றான். "சித்தியும் நாளைக்கு வந்துருவா. இனிமே பழையபடிதான்" என்றார் சித்தப்பா. ஆவணிக்கும் சேர்த்து நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் தவறு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பந்திக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர்கள் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மாமா, முகூர்த்தம் உள்ள நாள் நீங்க எல்லாரும் போங்க. இல்லாத நாள் அடுப்பு உங்களது. சங்கரன் பொண்டாட்டியும் வரட்டும், அவளும் ஒரு கை போடட்டும். அதுக்குன்னு அவ தலையில தூக்கிக் கட்டியிராதிய."

"நீ தேறுத வரைக்கும் சரி ஆவுடை" என்றார் தாத்தா.

"நா தேறிட்டேன் மாமா. கொடம் தூக்க மாட்டேன். மூணு மாசத்துக்குன்னு டாக்டர் சொன்னா. எப்பவும்னு நா சொல்லுதேன்."

அண்ணன் தட்டில் கை கழுவத் தண்ணீரை எடுத்தான். "எந்திரிச்சுப் போய்க் கழுவுல" என்றாள் அம்மா. "தட்டையும் எடுத்துட்டுப் போ."

அண்ணன் போனான். அப்பா போனார். சித்தப்பா போனார். தாத்தா கையைக் காயவிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் எடுக்கவில்லை. உள்ளே வந்து வீட்டுப்பாடம் எழுதினேன். திரும்பி வந்தபோது பந்தி இருந்த இடத்தில் தட்டு இல்லை. யார் எடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நா கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள்.

ஆவணி 1, ஞாயிறு

வரும் ஞாயிறு கடையத்துக் கல்யாணம். நால்வரும் சனிக்கிழமையே போகிறார்கள். துணைக்குச் சித்தியையும் அழைத்துப் போகிறார் சித்தப்பா. அவளுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம்.

நான் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தா வந்து நின்றார். கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. என் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வார ஞாயித்துக்கெழம. ரெண்டு பேருக்கு. ஒனக்கும் உங்கம்மைக்கும்" என்றார். பிறகு, பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல வாயை அசைத்துவிட்டு, "ஒனக்குத் தோதுப்படுமா?" என்றார்.

அம்மாவுக்கு ஒருநாள் சமைக்க எனக்கு வெற்றிலை தேவையில்லை. அது அவருக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் காலியாக இருப்பது எனக்கும் தெரியும்.

ஆனாலும் இந்த டைரியை எடுத்தேன். விரலை நனைத்துக்கொண்டேன்.

"டைரியப் பாத்துச் சொல்லுதேன் தாத்தா" என்று, ஒவ்வொரு பக்கமாக, நிதானமாகப் புரட்டினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.